கருவிப் பட்டியலைப் பகிர்தல்



மேற்கு மலைத்தொடரின் கீழைச் சரிவில் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இருக்கிறது. அங்கிருந்து மலையேறிப் போடிமெட்டைக் கடந்தால் இடுக்கி மாவட்டம். அம்மாவட்டத்தில், வண்டன்மேட்டிற்கு அண்மையில், புற்றடி என்னும் சிற்றூர் இருக்கிறது. முன்னது தமிழ்நாட்டைச் சேர்ந்தது. பின்னது கேரளத்தைச் சேர்ந்தது. இரண்டு ஊர்களுக்கும் வாழ்வளிப்பது ஏலக்காய். ஏலத்தை ஏலம் போடும் ஊர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இவ்விரண்டிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையங்கள் இருக்கின்றன. 2021-ஆம் ஆண்டில் வாரியம் அவ்விரு மையங்களையும் கணினி வழியே இணைத்தது. அதன் பயனாகப் புற்றடியில் அமர்ந்திருக்கும் வணிகரும் போடியில் அமர்ந்திருக்கும் வணிகரும் ஒரே பட்டியலை ஒரே நேரத்தில் தத்தம் திரையில் காணவும், ஒரே குவியலுக்கு இருவரும் விலை கூறவும் வழி பிறந்தது.

அத்திரையில் தோன்றும் பட்டியலின் இயல்பைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். வழிப்போக்கர் எவரும் படித்துவிட்டுப் போகும் சுவரொட்டி அன்று அது. 1987-ஆம் ஆண்டு ஏலக்காய் உரிம, விற்பனை விதிகளின்படி உரிமம் பெற்ற வணிகரே அதில் விலை கூறலாம். ஆனால் ஒருவர் பெட்டியில் பூட்டி வைத்த இரகசியக் கணக்கும் அன்று அது. ஏலம் நடத்தும் நிறுவனங்கள் பல. அவை ஒன்றுக்கொன்று போட்டியானவை. தோட்டக்காரரிடமிருந்து பெற்ற சரக்கை அவை தம் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டு, அதன் விவரத்தை மட்டும் உரியவர் கண்ணுக்குத் திறந்து காட்டுகின்றன. சரக்கு இருந்த இடத்தில் இருக்கப் பட்டியல் மலையைக் கடக்கிறது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஏலக்காய் வாணிகம் அன்று. தனித்தனியே இயங்கும் நிறுவனங்கள், தமக்கென வைத்துள்ள மென்பொருட் கருவிகளின் பட்டியலை ஒன்றுக்கொன்று காட்டிப் பயன்கொள்வது எவ்வாறு என்பதே பொருள். கேட்பதற்குப் பெரிய கம்பெனிகளின் விவகாரம் போலத் தோன்றும். உண்மையில் பள்ளிக்கூடம், நூலகம், கூட்டுறவுச் சங்கம், தமிழ்ச் சங்கம் ஆகிய சிறிய நிறுவனங்களுக்கே இது பெரிதும் வேண்டுவது என்பது நம் கருத்து.

கருவிப் பட்டியல் என்றால் என்ன? சில ஆண்டுகள் நடந்துவந்த எந்த நிறுவனத்திலும், கடையில் விலைக்குக் கிடைக்காத சிறுசிறு மென்பொருட் கருவிகள் தாமாகவே சேர்ந்துவிடுகின்றன. மதிப்பெண் கூட்டுவதற்கு ஒன்று; நூல்களின் முதுகில் ஒட்டும் எண் சீட்டை அச்சிடுவதற்கு ஒன்று; பழைய எழுத்துருவில் அடித்த கட்டுரையைப் புதிய குறியீட்டிற்கு மாற்றுவதற்கு ஒன்று. கணினி கற்ற ஆசிரியர் ஒருவரோ எழுத்தர் ஒருவரோ மாலை வேளைகளில் அமர்ந்து எழுதியவை இவை. கருவியின் பெயர், பயன், எத்தனையாம் பதிப்பு, யார் பொறுப்பில் உள்ளது என்பவற்றைக் குறித்து வைத்தால் அதுவே பட்டியல். பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே தனித் தளம் உண்டு. ஊழியர் மட்டும் உள்ளே புகலாம். சிறிய நிறுவனங்கள் பலவற்றில் பட்டியல் ஒருவருடைய நினைவிலேதான் இருக்கிறது. அவர் ஓய்வு பெறும் நாளில் பட்டியலும் ஓய்வு பெற்றுவிடுகிறது.

எல்லைப் புறத்தில் வாழ்வோருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. பாலக்காட்டுச் சிற்றூர் வட்டத்திலும், கொழிஞ்சாம்பாறை முதலிய இடங்களிலும் தமிழ் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசோடு தத்தம் மொழியிலே கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்று இடமளித்தது. மூணாற்றுப் பக்கத்திலும் சிற்றூர்ப் பக்கத்திலும் தமிழ்வழிப் பள்ளிகள் நடைபெறுகின்றன. 2001-ஆம் ஆண்டளவில் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் 2017-இல் ‘கைட்’ என்னும் நிறுவனமாக உருப்பெற்றது. அந்நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு அமைத்த கட்டற்ற இயங்குதளம் பள்ளிக் கணினிகளில் நிறுவப்பட்டிருக்கிறது. கணினிப் பாடநூல்கள் தமிழிலும் அச்சாகின்றன. பொதுவான தேவைகளுக்குக் குறைவில்லை. இதனை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆயினும் தமிழுக்கென்றே எழும் சிறு தேவைகள் பல. அவற்றை ஒரு மாநில நிறுவனம் முழுதும் எண்ணிப் பார்த்திருக்க இயலாது. மாநிலம் முழுவதிலும் அத்தேவையுடைய பள்ளிகள் சிலவே. தாராவியில் மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளிக்கும், தில்லியில் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளுக்கும் இதே நிலைமைதான். தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்திற்கு ஒரு கருவி செய்தால் நூற்றுக்கணக்கான பள்ளிகள் பயன்கொள்ளும். வெளியே சிதறி வாழும் நமக்கோ ஒரு பள்ளி, ஒரு சங்கம், ஒரு நூலகம் என்ற அளவில்தான் ஆள் உண்டு. ஒவ்வொருவரும் ஒரே கருவியைத் தனித்தனியே செய்துகொண்டிருக்கிறோம். அல்லது செய்ய ஆளின்றி விட்டுவிடுகிறோம்.

செய்தவரிடமிருந்து வாங்கிக்கொண்டால் போகிறது என்பீர்கள். வாங்கிக்கொண்டோம், அதனால் விளைந்ததைச் சொல்கிறோம். மலைப்பகுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் ஒருவர், மாணவர் பெயர்ப்பட்டியலிலிருந்து அடையாளச் சீட்டு அச்சிடும் கருவி ஒன்றை எழுதினார். அழகாக வேலை செய்தது. நாம் பணியாற்றிய பள்ளி உட்பட அண்டைப் பள்ளிகள் பலவற்றின் ஆசிரியர்கள் அதைப் பென் டிரைவில் எடுத்துச் சென்றார்கள். ஒருவர் தலைப்பை மாற்றினார்; மற்றொருவர் கருவியின் பெயரையே மாற்றினார். கருவியை எழுதியவர் பெயருக்கென்று பன்னிரண்டு இடங்களை ஒதுக்கியிருந்தார். ஆங்கிலப் பெயர்களை நினைத்து வைத்த கணக்கு அது.

தமிழில் முத்துலட்சுமி என்னும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் ஏழே எழுத்து. கணினி எண்ணினால் பதின்மூன்று. ஒருங்குறி முறையில் ‘மு’ என்பது மகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு இடம் கொள்ளும். ‘த்’ என்பதற்குப் புள்ளி தனியிடம் கொள்ளும். இவ்வாறு கூட்டினால் பதின்மூன்றாம் இடத்தில் நிற்பது கடைசி எழுத்தின் இகரக் குறி. பன்னிரண்டோடு வெட்டினால் சீட்டில் ‘முத்துலட்சும’ என்று அச்சாகும். பிழை கணினிக்குப் பிழையாகவே தெரியாது. ஆங்கிலம் மட்டும் அறிந்த மேலதிகாரிக்கும் தெரியாது.

அத்தகைய ஒரு சீட்டைப் பார்த்து உதவித்தொகை விண்ணப்பம் எழுதப்பட்டது. பெயர் ஆதார் அட்டையோடு பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவிட்டது. தாயார் கொழுந்து பறிக்கும் வேலையில் இரண்டு நாட்கூலியை இழந்து மலையிறங்கி வந்தார். "சார், எம் பொண்ணு பேருல கடைசிக் கொம்பைக் காணோமே" என்று அவர் சீட்டை நீட்டியபோது நாம் முதலில் அச்சுப் பொறியைத்தான் குறை கூறினோம். பின்னரே உண்மை வெளிப்பட்டது. கருவியை எழுதிய ஆசிரியர் அப்பிழையை ஓராண்டுக்கு முன்னரே கண்டுபிடித்து, இடத்தை அறுபதாக உயர்த்தித் தம் பள்ளிப் பட்டியலில் குறித்தும் வைத்திருந்தார். அப்பட்டியலை அவர் பள்ளியார் மட்டுமே பார்க்க முடியும். நம்மிடம் இருந்ததோ பெயர் மாறிய பழைய படி. அவருக்கு நம்மிடம் அது இருப்பது தெரியாது; நமக்கு அவர் திருத்தியது தெரியாது.

படியெடுத்தல் எளிது, அதனாலேயே அது ஆபத்தாகிறது. படியெடுத்த அன்றே அது மூலத்தோடு உறவு அறுந்துபோகிறது. ஆகவே கருவியைக் கொடுப்பதற்கு முன் பட்டியலுக்குச் சாளரம் ஒன்று திறந்துவிட வேண்டும் என்கிறோம். பட்டியல் உடையவரிடமே இருக்கும். அதைத் திருத்தும் உரிமையும் அவருக்கே. நாம் நம் இடத்திலிருந்து எட்டிப் பார்ப்போம். நேற்று அவர் எழுதிய திருத்தம் இன்று நம் கண்ணில் படும்.

இக்கலையில் நூலகர் நமக்கு மூத்தோர். ஒரு நூலகத்தின் அட்டவணையை மற்றொரு நூலகத்திலிருந்து தேடிப் பார்த்து, வேண்டிய பதிவை எடுத்துக்கொள்ளும் நெறிமுறைகளைக் கணினிகளுக்கிடையே அவர்கள் 1980-களிலேயே வகுத்துவிட்டார்கள். கேரளத்துக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இன்று பயன்படும் ‘கோஹா’ என்னும் மென்பொருள் நியூசிலாந்தில் ஒரு சிறு வட்டார நூலகத்திற்காக எழுதப்பட்டு, 2000-ஆம் ஆண்டு சனவரியில் பணிக்கு வந்தது. கோஹா என்பது அந்நாட்டு மாவோரி மக்களின் சொல். கைம்மாறும் உடன் எண்ணிக் கொடுக்கும் கொடை என்று பொருள்படும். நம் ஊரில் மொய் எழுதும் வழக்கத்தை அறிந்தவருக்கு இச்சொல்லை விளக்கவேண்டிய தேவையில்லை.

நூலகப் பதிவைப் பார்ப்பதில் தீங்கு குறைவு. கருவியோ பிறர் கணினியிலே ஓடி வேலை செய்வது. ஆகவே காவல் மிகுதியாக வேண்டும். இதற்கு உலகில் நாம் அறிந்த நல்ல சான்று எஸ்டோனியாவும் பின்லாந்தும் செய்துகொண்ட ஏற்பாடு. எஸ்டோனியா 2001-இல் ‘எக்ஸ்-ரோடு’ என்னும் அமைப்பைத் தன் நாட்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அரசு அலுவலகம், வங்கி, மருத்துவமனை என ஒவ்வொன்றும் தன் வாயிலில் ஒரு காவற் கணினியை நிறுத்திக்கொள்கிறது. எந்த நிறுவனம் என்ன சேவை தரும் என்பது பட்டியலில் இருக்கும். பட்டியலில் பெயர் தெரிவதனால் மட்டும் ஒருவர் உள்ளே நுழைந்துவிட முடியாது. ஒவ்வொரு சேவைக்கும் அதனை உடைய நிறுவனம், இன்னாருக்கு இது என்று தனியே இசைவளிக்க வேண்டும். போய்வரும் செய்தி ஒவ்வொன்றும் கையொப்பமும் நேர முத்திரையும் பெற்றுப் பதிவாகிவிடும்.

பின்லாந்து 2013-இல் எஸ்டோனியாவோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அதே அமைப்பைத் தன் நாட்டிலும் ஏற்படுத்தியது. 2017-இல் இரு நாடுகளும் சேர்ந்து டாலின் நகரில் ஒரு பொது நிறுவனத்தை அமைத்து, மூலநிரலைப் பேணும் பணியை அதனிடம் ஒப்படைத்தன. 2018-இல் இரு நாட்டு அமைப்புகளும் இணைக்கப்பட்டன. இணைப்பு என்றதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன என்று கருதலாகாது. பின்லாந்தின் பட்டியல் பின்லாந்திடமே உள்ளது. எஸ்டோனியாவின் பட்டியல் எஸ்டோனியாவிடமே உள்ளது. உன் நாட்டு உறுப்பினர் இன்னார் என்று நீ சான்று கூறினால் அதனை நான் நம்புகிறேன் என்பதே அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கு. எந்தச் சேவையை எவருக்குக் கொடுப்பது என்பதை உடையவரே முடிவு செய்கிறார். பின்னர் 2021-இல் ஐஸ்லாந்தும் அப்பொது நிறுவனத்தில் உறுப்பினராயிற்று.

நம் நாட்டிலும் 2015-ஆம் ஆண்டில், அரசுப் பயன்பாட்டு மென்பொருள்களின் மூலநிரலைத் திறந்துவைத்துத் துறைகள் கூடிப் பணியாற்றுவதற்கென ஒரு கொள்கை வகுக்கப்பட்டது. ‘ஓபன்ஃபோர்ஜ்’ என்னும் தளம் அதன் விளைவு. அது அரசுக்குரியது. பதிவு பெற்ற சங்கங்களும் தனியார் பள்ளிகளும் தமக்குள் செய்துகொள்ள வேண்டியது தனி.

இனி, இதில் பதுங்கியிருக்கும் கேடு ஒன்றைக் கூற வேண்டும். தேயிலைத் தோட்டத்து மஸ்டரில் இரண்டு முருகன்கள் இருந்தால் என்ன செய்கிறோம்? தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுகிறோம். அதனை இடாமல் விட்டால் ஒருவன் உழைத்த கூலி மற்றொருவன் கணக்கில் ஏறிவிடும். மென்பொருளிலும் இதுவே நேர்ந்தது. அலெக்ஸ் பிர்சன் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட செய்தி கணினி உலகைத் திடுக்கிடச் செய்தது. பெரிய நிறுவனங்கள் தமக்குள் மட்டும் வழங்கிய கருவிப் பெயர்கள் சில எப்படியோ வெளியே கசிந்திருந்தன. அவர் அதே பெயர்களில், பதிப்பு எண்ணை மட்டும் உயர்த்தி, பொதுப் பட்டியலில் தம் கருவிகளைப் பதிவு செய்தார். நிறுவனக் கணினிகள் உள்ளேயும் வெளியேயும் தேடின. உயர்ந்த எண் வெளியே இருந்ததால் அதுவே புதியது என நம்பி எடுத்துக்கொண்டன. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகளில் அவருடைய நிரல் நுழைந்து ஓடியது. அவர் தீங்கு கருதாதவர். உரியவர்களுக்கு அறிவித்து, பரிசும் பெற்றார். தீங்கு கருதும் ஒருவர் அதனைச் செய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நேயர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறோம்.

இரண்டு நிறுவனங்கள் பட்டியலைப் பகிரத் தொடங்கும்போது இவ்வாபத்து இரட்டிக்கிறது. இங்கும் ‘மதிப்பெண்’ என்று ஒரு கருவி. அங்கும் ‘மதிப்பெண்’ என்று ஒரு கருவி. ஆகவே ஒவ்வொரு கருவிப் பெயருக்கும் முன்னே உடையவரின் ஊர்ப்பெயரோ நிறுவனப் பெயரோ நிற்க வேண்டும். அப்பெயர் உடைய கருவி அவருடைய பட்டியலிலிருந்து மட்டுமே வர வேண்டும் என்று கணினிக்குக் கட்டளையும் இட்டிருக்க வேண்டும். ‘மூணாறு–மதிப்பெண்’, ‘சிற்றூர்–மதிப்பெண்’ என்று எழுதுவது தமிழருக்குப் புதிய வழக்கமும் அன்று. ஊரைப் பெயருக்கு முன் வைப்பது நாம் தொன்றுதொட்டுச் செய்துவருவதே. அதனோடு எண்முறைக் கையொப்பமும் வேண்டும். கருவி வழியில் மாறவில்லை, உடையவர் வைத்தபடியே வந்துசேர்ந்தது என்பதற்கு அதுவே அரக்கு முத்திரை.

பட்டியலின் ஒவ்வொரு பதிவிலும் எவையெவை இருக்க வேண்டும்? பெயர், பயன், பதிப்பு, திருத்திய நாள் ஆகியவை எவருக்கும் தோன்றும். தோன்றாதவை சில உண்டு. பேணுபவர் யார், அவர் இல்லாதபோது அடுத்தவர் யார் என்பது ஒன்று. பிறருக்குக் கொடுக்கலாமா, மாற்றலாமா என்னும் உரிமம் ஒன்று. உள்ளே வேறு எந்தக் கருவிகளைத் துணையாகக் கொண்டு இயங்குகிறது என்பது மற்றொன்று. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான ‘செர்ட்-இன்’ 2024-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், மென்பொருளின் உட்பொருட்களைப் பட்டியலிட்டு வைக்கும் முறையை வற்புறுத்தியிருக்கிறது. மருந்துப் புட்டியில் உட்பொருள் எழுதுவதைப் போன்றது அது. துணைக் கருவியொன்றில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், நம்மிடம் அது உண்டா என்பதற்கு அன்றே விடை கிடைக்கும்.

தமிழருக்கென்று மேலும் ஒரு வரி வேண்டும்: இக்கருவி எந்தக் குறியீட்டில் எழுதப்பட்ட தமிழை ஏற்கும்? 1999-இல் தமிழ்99 விசைப்பலகை தரமாக்கப்பட்டது. 2010-இல் ஒருங்குறியையும் டேஸ்-16 என்னும் முறையையும் தமிழ்நாட்டரசு தரமாக அறிவித்தது. அதற்கு முன் வழங்கிய எழுத்துருக்கள் எத்தனையோ. அவற்றில் அடித்து வைத்த வினாத்தாள்களும் மலர்க் கட்டுரைகளும் இன்னும் தமிழ்ச் சங்கங்களின் பெட்டிகளில் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எறும்பு ஊர்ந்ததுபோல் ஏதேதோ தோன்றும். அவற்றை மாற்றும் கருவி பெங்களூரில் ஒருவரிடம் இருக்கலாம். அதனை நாடுபவர் பாலக்காட்டில் இருக்கலாம். பட்டியல் இல்லாமையால் இருவரும் ஒருவரையொருவர் அறியார்.

பகிர்வதற்கு உடன்படிக்கை எழுத வேண்டும் என்றால் நம்மவர் சிலர் மனம் சுளிக்கின்றனர். உறவுக்குள் பத்திரம் எதற்கு என்பார்கள். பாலக்காட்டு மாவட்டத்தில் பரம்பிக்குளம் அணை இருக்கிறது. நிலம் கேரளத்தினுடையது, அணையைப் பேணி இயக்குவது தமிழ்நாடு. 1970 மே 29-இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதற்கொண்டே செல்லும் எனக் கொள்ளப்பட்ட உடன்படிக்கையின் கீழ் அது நடைபெறுகிறது. சிற்றூர்ப் பாசனத்திற்கு ஆண்டுதோறும் மணக்கடவில் 725 கோடி கன அடி நீர் விட வேண்டும் என்று எண்ணிட்டு எழுதப்பட்டிருக்கிறது. கணக்குப் பார்க்க இரு மாநிலப் பொறியாளர் கூடும் வாரியம் உண்டு. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு என்றும் எழுதியிருக்கிறது. மழை குறைந்த ஆண்டுகளில் சச்சரவு எழாமல் இல்லை. ஆயினும் சச்சரவின்போது இரு திறத்தாரும் கையிலெடுத்துப் பேச ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கின்றன. கருவிப் பட்டியலுக்கு முப்பது ஆண்டுத் தவணை மிகுதி; ஓராண்டே போதும். ஆண்டுதோறும் சூன் மாதத்தில் யார் யார் இன்னும் பார்க்க உரியவர் என்று பெயர்களைச் சரிபார்த்து, பணி மாறிச் சென்றவரின் அனுமதியை நீக்கிவிட வேண்டும்.

உடன்படிக்கையில் மறவாது எழுத வேண்டியது விலக்கிக்கொள்ளும் முறை. 2016 மார்ச்சில், பொதுப் பட்டியல் ஒன்றில் கருவிகளை வைத்திருந்த ஒருவர், பெயர் பற்றிய தகராறு ஒன்றால் மனம் கசந்து தம் கருவிகளையெல்லாம் ஒரே நாளில் எடுத்துவிட்டார். அவற்றுள் ‘லெஃப்ட்-பேட்’ என்பதும் ஒன்று. பதினொரு வரி நிரல். அதனை நம்பியிருந்த எத்தனையோ மென்பொருள்கள் உலகெங்கும் சில மணி நேரம் கட்டமைக்க இயலாமல் நின்றன. அவருடைய பொருளை அவர் எடுத்துக்கொண்டதில் தவறு காண்பது எளிதன்று. ஆனால் எடுப்பதற்கு இத்தனை நாள் முன்னறிவிப்பு, அதுவரை கையிலிருக்கும் பதிப்பைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அத்துன்பம் நேர்ந்திராது. பள்ளியாயின் தேர்வுக் காலத்தில் எதனையும் விலக்குவதில்லை என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

எதனைப் பகிரக்கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். கருவி வேறு, கருவி தின்னும் தகவல் வேறு. அடையாளச் சீட்டுக் கருவியைக் கேட்டவருக்கு மாணவர் பெயர்ப்பட்டியலோடு சேர்த்துக் கொடுத்துவிட்ட நிகழ்ச்சியையும் நாம் கண்டிருக்கிறோம். மாதிரிக்காக உள்ளே இருந்தது என்றார்கள். 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், சிறாரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு தோட்டத்துப் பிள்ளைகளின் பிறந்த நாளும் தாய் தந்தையர் விவரமும் எல்லை கடந்து ஊர் ஊராக உலவுவது தகாது. மாதிரிக்கு வேண்டுமானால் கற்பனைப் பெயர்களை இட்டு வைக்கலாம். நீளமான பெயர்களாக இருந்தால் இன்னும் நலம். கடவுச்சொற்களை நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கும் பழக்கம் உடையவர்கள் பகிர்வதற்கு முன் அப்பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

இதற்கெல்லாம் பெரும்பொருள் வேண்டுமோ என்று அஞ்ச வேண்டா. மூலநிரலையும் பதிப்பு வரலாற்றையும் காத்து, இன்னார் இதனைப் பார்க்கலாம், இன்னார் எடுக்கலாம் என்று வரையறுக்கும் கட்டற்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சாதாரணக் கணினி ஒன்றிலே அவற்றை நிறுவலாம். அதற்கும் வசதியில்லாத சங்கம், பார்க்க மட்டும் அனுமதியுடைய இணையத் தாள் ஒன்றிலே பட்டியலைத் தொடங்கலாம். முதலில் ஐந்து கருவிகள் போதும். ஐம்பது வேண்டும் என்று காத்திருந்தால் ஒன்றும் நடவாது. கடினமானது பணம் அன்று. நம் கருவியில் உள்ள குறையை அயலார் கண்டுவிடுவாரே என்னும் கூச்சம். அதனை எழுதிய ஆசிரியரும் முதலில் அப்படித்தான் தயங்கினார்.

அடையாளச் சீட்டு நிகழ்ச்சிக்குப் பின் அவர் தம் பள்ளிப் பட்டியலை அண்டைப் பள்ளிகள் மூன்றிற்குத் திறந்துவிட்டார். பார்ப்பதற்கு அனைவர்க்கும் இசைவு. எடுப்பதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவருக்கு. திருத்துவதற்கு அவர் ஒருவருக்கே. கருவியின் பெயருக்கு முன் ஊர்ப்பெயர் ஏறிற்று. நம் பள்ளியில் இருந்த பெயர் மாறிய படியை அழித்துவிட்டு, பட்டியலிலிருந்து புதிதாக எடுத்து நிறுவினோம். அந்தப் பதிவின் கீழே பயன்படுத்துவோர் வினா எழுதுவதற்கென ஓர் இடம் விட்டிருந்தார். அதில் முதல் வினா சிற்றூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து வந்தது: தந்தை பெயரையும் சேர்த்து அச்சிட்டால் அறுபது இடம் போதுமா? போதாது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அவர் அன்று மாலையே அதனை நூற்றிருபதாக்கினார். மறுநாட் காலையில் நான்கு பள்ளிகளின் திரையிலும் புதிய பதிப்பு எண் தெரிந்தது.